தாராவியின் தோல் தொழிலும் ஏற்றுமதியும்: சிறு உற்பத்தியாளர் உலகச் சந்தையை அடையும் வழி

ஏற்றுமதி என்றவுடன் பெரிய ஆலைகளும் துறைமுகங்களில் அடுக்கப்பட்ட கொள்கலன்களுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. ஆயினும், நம் நாட்டிலிருந்து கடல் கடந்து செல்லும் தோல் பொருள்கள், பின்னலாடைகள், கைவினைப் பொருள்கள் ஆகியவற்றில் கணிசமான பங்கு சிறு, நடுத்தரத் தொழிற்கூடங்களில்தான் உருவாகிறது. அங்கே உருவாகும் பொருள் வெளிநாட்டுக் கடையில் பெறும் விலையில் எவ்வளவு பங்கு அதனை உருவாக்கியவரை அடைகிறது என்பது பொருளாதார வளர்ச்சியில் அக்கறை கொண்டோர் ஆராய வேண்டிய வினாவாகும். இதனை ஆராய மும்பை மாநகரின் நடுவே அமைந்த தாராவி தக்கதோர் எடுத்துக்காட்டு. கைத்திறனுக்கு அங்கே குறைவில்லை. ஆயினும் அத்திறன் தொடர்ந்து நடைபெறும் ஏற்றுமதியாக மாறுவதற்கு வேறு சில கூறுகளும் தேவைப்படுகின்றன. அவை யாவை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தோல் தொழில் வேரூன்றிய வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தாராவி நகரின் ஓரத்தில் இருந்த சதுப்பு நிலப் பகுதி. தோல் பதனிடுதல் போன்ற தொழில்கள் நகரின் மையத்தை விட்டு விலகி இங்கே அமைந்தன. தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்து, குறிப்பாகத் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த முஸ்லிம் தோல் வணிகர்களும் ஆதிதிராவிடத் தொழிலாளர்களும் இத்தொழிலில் ஈடுபட்டனர். பாந்த்ராவில் இருந்த இறைச்சிக்கூடம் அருகிலேயே பச்சைத் தோலை அளித்தது. 1971இல் அந்த இறைச்சிக்கூடம் செம்பூரை அடுத்த தேவ்னாருக்கு மாற்றப்பட்டது. பின்னர், சுற்றுச்சூழல் காரணங்களால் பதனிடும் கூடங்களும் படிப்படியாகத் தாராவியை விட்டு வெளியேறின.

பதனிடுதல் குறைந்த போதிலும் தோல் தொழில் தாராவியை விட்டு நீங்கவில்லை. சென்னை, கான்பூர், கொல்கத்தா ஆகிய இடங்களில் பதனிட்டு முடித்த தோலை வாங்கி, கைப்பை, பணப்பை, இடைவார், கோப்புறை முதலியவற்றைத் தைக்கும் பட்டறைகள் பெருகின. மகாராஷ்டிர அரசு 2015இல் நடைமுறைப்படுத்திய கால்நடைப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் காளை, எருது ஆகியவற்றின் தோல் வரத்தைக் குறைத்தது. அதன் விளைவாக எருமைத் தோல், ஆட்டுத் தோல் ஆகியவற்றையும் வெளி மாநில வரத்தையும் சார்ந்திருக்க வேண்டிய நிலை வலுப்பட்டது. மூலப்பொருள் தொலைவிலிருந்து வருகின்ற இன்றைய நிலையில், தாராவியின் மூலதனம் கைத்திறனும், ஒரே தெருவில் தோல், ஜிப், கொக்கி, நூல், பசை அனைத்தும் கிடைக்கும் வசதியுமே எனலாம்.

நாட்டின் கொள்கை கற்பித்த பாடம்

ஏற்றுமதியில் மதிப்புக் கூட்டுதல் என்பதன் பொருளை விளக்க இந்தியத் தோல் தொழிலைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. ஒரு காலத்தில் நாம் பச்சைத் தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையுமே பெருமளவில் அனுப்பி வந்தோம். அத்தோலைக் காலணியாகவும் பையாகவும் மாற்றி இலாபம் ஈட்டியவர்கள் வெளிநாட்டினர். சீதாராமையா குழு 1972இல் அளித்த பரிந்துரைகளையொட்டி, அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு 1973 முதல் அளவுக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. முழுமையாக முடித்த தோலுக்கும் தோல் பொருள்களுக்கும் ஊக்கம் அளிக்கப்பட்டது. சென்னையில் 1948இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தொழில்நுட்பத்தில் துணை நின்றது. 1984இல் தோல் ஏற்றுமதிக் கழகம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அமைக்கப்பட்டது.

இக்கொள்கை மாற்றத்தின் அடிப்படைக் கருத்து ஒவ்வொரு பட்டறைக்கும் பொருந்தும். வேலையின் எந்தப் படியில் மதிப்பு கூடுகிறதோ அந்தப் படியைக் கைவசம் வைத்திருப்பவரே கூடுதல் பயனை அடைகிறார். அரைப்பதத் தோலை விற்ற நாடு எந்த நிலையில் இருந்ததோ, பிறர் தந்த அச்சில் பிறர் தந்த தோலை வெட்டித் தைத்துக் கூலி பெறும் பட்டறையும் இன்று ஏறக்குறைய அதே நிலையில்தான் இருக்கிறது.

நேரடி ஏற்றுமதியும் மறைமுக ஏற்றுமதியும்

சிறு உற்பத்தியாளர் உலகச் சந்தையை அடைய இரு வழிகள் உள்ளன. ஒன்று, வணிக ஏற்றுமதியாளருக்குப் பொருளை விற்பது. மற்றொன்று, தாமே வெளிநாட்டு வாங்குநருடன் ஒப்பந்தம் செய்வது.

முதல் வழியில் இடர் குறைவு. கப்பல் ஏற்றுதல், சுங்க ஆவணம், அந்நியச் செலாவணி ஆகியவற்றின் சுமை வணிகரைச் சேரும். 2017 அக்டோபரில் வெளியான ஜி.எஸ்.டி. அறிவிக்கைகளின்படி, நிர்ணயிக்கப்பட்ட நிபந்தனைகளை நிறைவேற்றினால், வணிக ஏற்றுமதியாளருக்கு 0.1 சதவீத வரியில் பொருளை விற்கலாம். விற்பனைச் சீட்டு எழுதிய நாளிலிருந்து 90 நாள்களுக்குள் பொருள் நாட்டை விட்டுச் செல்ல வேண்டும் என்பது அந்நிபந்தனைகளுள் முக்கியமானது. ஆயினும், இவ்வழியில் வாங்குநர் யார், அவர் எதனை விரும்புகிறார், பொருள் என்ன விலைக்கு விற்கிறது என்னும் செய்திகள் பட்டறைக்கு எட்டுவதில்லை. செய்தி எட்டாத இடத்தில் பேரம் பேசும் வலிமையும் வளர்வதில்லை.

இரண்டாம் வழிக்கு ஏற்றுமதி-இறக்குமதி குறியீட்டு எண் தேவை. வெளிநாட்டு வாணிபத் தலைமை இயக்ககத்திடம் இணையவழி விண்ணப்பித்து இதனைப் பெறலாம். சலுகைகளைப் பெறத் தோல் ஏற்றுமதிக் கழகத்தின் பதிவு மற்றும் உறுப்பினர் சான்றிதழும், 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள உத்யம் பதிவும் உதவுகின்றன. 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வரையறைப்படி, இயந்திரத் தளவாட முதலீடு 2.5 கோடி ரூபாய்க்கும் ஆண்டு விற்பனை 10 கோடி ரூபாய்க்கும் மிகாதவை குறுந்தொழில்கள். இவ்வரம்பு சிறுதொழில்களுக்கு 25 கோடி, 100 கோடி ரூபாய் எனவும், நடுத்தரத் தொழில்களுக்கு 125 கோடி, 500 கோடி ரூபாய் எனவும் அமைந்துள்ளது. தாராவிப் பட்டறைகளில் மிகப் பெரும்பாலானவை குறுந்தொழில் என்ற முதற்படிக்குள் அடங்குவன.

முதல் வழியைத் தாழ்வாகவும் இரண்டாம் வழியை உயர்வாகவும் கருத வேண்டியதில்லை. வணிகர் மூலம் சில ஆண்டுகள் விற்று, தரமும் காலக்கெடுவும் பழகிய பின்னர் நேரடி ஏற்றுமதிக்கு மாறுவதே பல பட்டறைகளுக்கு ஏற்ற வரிசைமுறையாகும்.

விலை கணிப்பதில் நிகழும் பிழை

முதல் வெளிநாட்டு ஆணையிலேயே நட்டமடையும் பட்டறைகள் உண்டு. பெரும்பாலும் அதற்குக் காரணம் தரக்குறைவன்று, விலைக் கணக்கே. உள்நாட்டு விலையுடன் சிறிது இலாபம் சேர்த்து மேற்கோள் தருவது பலரிடம் காணப்படும் வழக்கம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதலாம். ஒரு கைப்பைக்கு 6 சதுர அடித் தோல் தேவை என்றும், தோலின் விலை சதுர அடிக்கு 100 ரூபாய் என்றும் கொள்வோம். தோல் துணியைப் போலச் சீரானதன்று. அதில் வடு, துளை, மெலிந்த வயிற்றுப் பகுதி ஆகியவை இருக்கும். வாங்கிய தோலில் ஐந்தில் ஒரு பங்கு கழிவாகப் போகுமானால், ஒரு பைக்கு 7.5 சதுர அடி வாங்க வேண்டும். 600 ரூபாய் என்று கணக்கிட்ட இடத்தில் 750 ரூபாய் செலவாகும். 500 பைகள் கொண்ட ஆணையில் இந்த ஒரு பிழை மட்டுமே 75,000 ரூபாய் நட்டத்தை உண்டாக்கும்.

இதனுடன் மாதிரி செய்யும் செலவு, ஆய்வுக்கூடக் கட்டணம், ஏற்றுமதிக்குரிய பெட்டி, துறைமுகம் வரை வண்டிச் சத்தம், சுங்க முகவர் கட்டணம், வங்கிக் கட்டணம், முடங்கும் பணத்துக்கான வட்டி ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். மேற்கோளில் எந்த இடம் வரையிலான செலவு தம்முடையது என்பதையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். கப்பலில் ஏற்றும் வரையிலான விலை எஃப்.ஓ.பி. எனவும், காப்பீடும் கப்பல் கட்டணமும் சேர்ந்த விலை சி.ஐ.எஃப். எனவும் வழங்கப்படும். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டால் முழு இலாபமும் கப்பல் கட்டணத்தில் கரைந்துவிடும். சுங்கவரித் திருப்பம், 2021 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஏற்றுமதி வரித் திருப்பத் திட்டம் ஆகியவற்றால் வரும் தொகையை விலையில் முன்கூட்டியே கழித்துக்கொடுப்பதும் அறிவுடைமையன்று. அவற்றின் விகிதங்கள் மாறக்கூடியவை.

தரம் என்பது கண்ணுக்குத் தெரிவது மட்டுமன்று

தையல் நேராக இருப்பதையும் ஓரம் வழவழப்பாக இருப்பதையும் கைவினைஞர் கண்ணாலேயே அறிவார். இன்றைய சந்தையோ கண்ணுக்குப் புலப்படாத தரத்தையும் கேட்கிறது. இதனை இந்தியத் தோல் தொழில் கடினமான அனுபவத்தால் கற்றது. பூசணம் பிடிக்காதிருக்கத் தோலில் சேர்க்கப்பட்ட பென்டாகுளோரோஃபீனால் என்னும் பொருளுக்கு ஜெர்மனி 1989இல் தடை விதித்தது. அடுத்துச் சில ஆண்டுகளில், தீங்கு தரும் அமைன்களாகச் சிதையும் அசோ சாயங்களுக்கும் அங்கே தடை வந்தது. தமிழகத்துப் பதனிடும் தொழிலும் ஆராய்ச்சி நிலையமும் அரசும் ஒன்றிணைந்து மாற்றுப் பொருள்களைக் கண்டு இச்சோதனையைக் கடந்தன. ஒரு தொழிலகம் தனித்து நின்று செய்யக்கூடிய பணியன்று அது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 மே முதல் நடைமுறையில் உள்ள விதி மற்றோர் எடுத்துக்காட்டு. உடலில் படும் தோல் பொருள்களில் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், ஒரு கிலோகிராம் தோலுக்கு 3 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருத்தலாகாது. பதனிடுவதற்குப் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியமே. பதனிடும் முறை சரியில்லாவிட்டாலும், வெப்பமும் வறட்சியும் மிகுந்த இடத்தில் சேமித்தாலும் அது தீங்கான வடிவுக்கு மாறக்கூடும். ஆகவே தாராவியில் பை தைப்பவர் தாம் எந்த இரசாயனத்தையும் கலக்காதிருந்தும் சரக்கு நிராகரிக்கப்படும் நிலைக்கு ஆளாகலாம். தோலை வாங்கும்போதே ஆய்வறிக்கை கேட்டுப் பெறுவதும், எந்தக் கட்டுத் தோல் எந்த ஆணைக்குப் பயன்பட்டது என்று பதிவு செய்வதும் இதற்குரிய பாதுகாப்பு. ஓரத்தில் பூசும் வண்ணம், பசை, உலோகக் கொக்கி ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

தாராவிக்கு அண்மையில், மாதுங்காவில், 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தோன்றிய வேதித் தொழில்நுட்ப நிறுவனம் உள்ளது. சாயம், மேற்பூச்சு, பாலிமர் ஆகிய துறைகளில் பயிற்றும் நிறுவனம் அது. அறிவு இவ்வளவு அருகில் இருந்தும் பட்டறை உரிமையாளர் ஒருவர் அங்கே சென்று ஐயம் கேட்பது எளிதன்று. கேள்வியைத் தொழில்நுட்ப மொழியில் அமைத்துத் தரவும் விடையைப் பட்டறை மொழியில் சொல்லவும் வல்ல இடையாளர்கள் தேவை. தொழில் விரிவாக்கப் பணி என்பதன் உண்மையான பொருள் இதுவே.

பணம் முடங்கும் காலம்

தோல் வாங்குவதற்கு இன்றே பணம் வேண்டும். பொருளை முடிக்க ஆறு வாரமும், கப்பல் பயணத்துக்கு நான்கு வாரமும், வாங்குநர் பணம் அனுப்பச் சரக்கு சேர்ந்த பின் மேலும் சில வாரங்களும் ஆகுமெனில், ஏறத்தாழ நான்கு மாதம் பணம் முடங்குகிறது. 10 இலட்சம் ரூபாயை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் வங்கியில் பெற்றால் நான்கு மாத வட்டி 40,000 ரூபாய். மாதம் 3 சதவீதத்துக்குத் தனியாரிடம் பெற்றால் அதுவே 1,20,000 ரூபாய். ஒரே பொருள், ஒரே விலை. ஆயினும் ஒருவருக்கு இலாபமும் மற்றவருக்கு நட்டமும் நேர்வது இவ்வாறே.

ஏற்றுமதி ஆணையைக் காட்டி வங்கியில் சரக்கேற்றுவதற்கு முந்தைய கடனைப் பெறலாம். வாங்குநர் திவாலாதல், பணம் தராமல் இழுத்தடித்தல் போன்ற இடர்களுக்கு ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகம் காப்பீடு வழங்குகிறது. 1957இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் மும்பையையே தலைமையிடமாகக் கொண்டது. ஏற்றுமதி ஊக்க இயக்கத்துக்கு 2025-26 முதல் ஆறு ஆண்டுகளுக்கு 25,060 கோடி ரூபாய் ஒதுக்க மத்திய அமைச்சரவை 2025 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. கடன் வசதியும் சந்தை வசதியும் அதன் இரு கூறுகள்.

வணிகருக்கு விற்கும் பட்டறைக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, குறு, சிறு தொழில்களிடம் வாங்கியவர் அதிகபட்சம் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி செலுத்த வேண்டும். எனினும் ஆணையை வாய்மொழியாக ஏற்றுத் துண்டுச் சீட்டில் கணக்கு வைப்பவர் இவ்வுரிமையை நிலைநாட்ட இயலாது. எழுத்து வடிவ ஆணையும் முறையான விற்பனைச் சீட்டும்தான் சட்டத்தைப் பட்டறையின் வாயிலுக்குக் கொண்டு வருகின்றன.

கூட்டு முயற்சியின் பயன்

வெளிநாட்டு வாங்குநர் 5,000 பைகள் கேட்கும்போது, மாதம் 400 பைகள் தைக்கும் பட்டறையால் தனித்து அதனை ஏற்க முடியாது. பத்துப் பட்டறைகள் சேர்ந்தால் முடியும். ஆனால் பத்து இடங்களில் தைத்த பைகள் ஒரே அச்சில் வார்த்தவை போல் இருக்க வேண்டும். ஒரே இடத்தில் தோலை வாங்கித் தரம் பிரித்து, ஒரே அச்சுக் கருவியால் வெட்டி, ஒப்புதல் பெற்ற மாதிரியை ஒவ்வொரு பட்டறையிலும் வைத்து, இறுதியில் பொதுவான சோதனை செய்தால் இது நிறைவேறும். இத்தகைய பொது வசதி மையங்களுக்கு உதவுவது குறு, சிறு தொழில் தொகுதி வளர்ச்சித் திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று.

திருப்பூரின் அனுபவம் இங்கே நினைவுகூரத் தக்கது. உள்நாட்டுப் பனியனில் தொடங்கிய அவ்வூர், 1990இல் ஏற்றுமதியாளர் சங்கத்தை அமைத்துக்கொண்டு பொதுத் தேவைகளுக்காக ஒன்றுபட்டது. சாயக்கழிவுச் சிக்கலில் 2011இல் உயர் நீதிமன்ற ஆணையால் சாய ஆலைகள் மூடப்பட்ட காலத்தில் ஊர் முழுவதும் பாதிக்கப்பட்டது. ஒரு படியில் நேரும் குறை தொகுதி முழுவதையும் தாக்கும் என்பதும், அதனைக் களைவதும் கூட்டுப் பொறுப்பே என்பதும் அங்கே தெளிவாயின.

ஒரே சந்தையை நம்புதல்

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது விதித்த கூடுதல் சுங்கவரி 50 சதவீதத்தை எட்டியது. அந்நாட்டை மட்டுமே நம்பிய ஏற்றுமதியாளர் பெரும் நெருக்கடிக்கு ஆளாயினர். அதே ஆண்டு ஜூலையில் பிரிட்டனுடன் விரிவான வாணிப ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஒரு கதவு அடைபடும்போது மற்றொரு கதவு திறக்கக்கூடும். ஆயினும் திறந்த கதவை அடைய அங்குள்ள அளவு, நிறம், பருவம், விதிமுறை ஆகியவற்றை முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும். சிறு பட்டறை இருபது நாடுகளை நாட இயலாது. இரண்டு அல்லது மூன்று சந்தைகளை நன்கறிந்து, உள்நாட்டு விற்பனையையும் கைவிடாமல் இருப்பதே அதற்குரிய பாதுகாப்பு.

முகவரியின் முக்கியத்துவம்

தாராவியின் தனிச்சிக்கல் ஒன்று எஞ்சியுள்ளது. வெளிநாட்டு வாங்குநர்கள் இன்று தொழிற்கூடத்தையும் ஆய்வு செய்கின்றனர். தீயணைப்பு வசதி, வெளியேறும் வழி, குழந்தைத் தொழிலாளர் இன்மை, முறையான ஊதியப் பதிவு ஆகியவற்றைக் கேட்கின்றனர். மரப்படியேறிச் செல்லும் ஒற்றை அறையில், உரிமமும் உரிமைப் பத்திரமும் இல்லாத இடத்தில் இயங்கும் பட்டறை, மிகச் சிறந்த பையைத் தைத்தாலும் இந்த ஆய்வில் தேறாது. அந்தப் பை வேறொருவர் பெயரில்தான் வெளிநாடு செல்லும்.

மாநில அரசு 2004இல் ஒப்புதல் அளித்த தாராவி மறுசீரமைப்புத் திட்டம், 2022இல் ஒப்பந்தப் புள்ளி முடிவான பின்னர் புதிய கட்டத்தை அடைந்தது. வீடுகளின் எண்ணிக்கையுடன் பட்டறைகளின் எதிர்காலமும் இதில் அடங்கியிருக்கிறது. உரிமமும் காற்றோட்டமும் பாதுகாப்பும் உள்ள தொழிற்கூடம் கிடைக்குமானால், மறைமுக ஏற்றுமதியாளர் பலர் நேரடி ஏற்றுமதியாளர் ஆவதற்கு அது வழிவகுக்கும். மாறாக, தோல் விற்பவர், ஓரம் சீவுபவர், தைப்பவர், கொக்கி விற்பவர் ஆகியோர் வெவ்வேறு திசைகளுக்குப் பிரிக்கப்படின், ஒரே தெருவில் எல்லாம் கிடைத்த வசதி மறையும். தொழில் தொகுதியின் வலிமை அண்மையில் உள்ளது. கட்டடத்தைப் புதிதாகக் கட்டலாம். அறுந்த தொழில் உறவுகளை அவ்வளவு எளிதில் கட்ட இயலாது.

தொகுத்துக் கூறின், சிறு உற்பத்தியாளரின் ஏற்றுமதி வெற்றிக்குச் சரியான விலைக் கணக்கு, சான்றுடன் கூடிய தரம், உரிய காலத்தில் குறைந்த வட்டிக் கடன், எழுத்து வடிவ வணிகம், கூட்டு முயற்சி, சட்டம் ஏற்கும் தொழிலிடம் ஆகியவை தேவை. இவற்றுள் முன்னவை பட்டறை உரிமையாளரின் கையிலும், பின்னவை பெரும்பாலும் அரசின் கையிலும் சங்கங்களின் கையிலும் உள்ளன. ஒன்று இருந்து மற்றொன்று இல்லையெனில் பயன் முழுமை பெறாது. நூறாண்டுகளுக்கும் மேலாகத் தோலுடன் உழைத்து வரும் கைகள் தம் சொந்தப் பெயரிலேயே உலகச் சந்தையில் விற்கும் நிலை ஏற்படுமானால், தாராவியின் மறுசீரமைப்பு உண்மையிலேயே நிறைவேறியது எனக் கொள்ளலாம்.